ஓரம் கடித்த ஐஸ்

ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்ற ஒரு மனிதர், தான் சமைத்ததில் ஒரு சொட்டைக்கூடப் பரிமாறும் முன் நாக்கில் வைத்ததில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. எங்கள் அம்மா குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பார், "ம்..." என்று யோசிப்பார், இன்னொரு தரம் நக்குவார், அதற்கப்புறம்தான் அடுப்பை அணைப்பார். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்குச் சமையல் என்றால் பாதி நக்கிப் பார்ப்பதுதான். நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டு ஒருவர் எப்படிச் சமைப்பார்?

அவர் சமைத்தார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் போகிற வழியில், நாலே வீடுகள் உள்ள ஒரு சின்ன ஃப்ளாட். அவர் கீழே, நானும் என் வீட்டுக்காரரும் மேலே. தெருவில் எல்லோருக்கும் அவர் 'தளிகை மாமா'. பெருமாளுக்கென்று சமைப்பதைத் தளிகை என்பது அவர்கள் வழக்கம். கல்யாணம், சீமந்தம், சதாபிஷேகம் என்று விசேஷ வீடுகளில் பெரிய பெரிய பாத்திரங்களோடு மல்லுக்கட்டியவர், முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மகள் வெளிநாட்டில். வீட்டில் அவரும் பெருமாளும்தான்.

நாங்கள் குடிவந்த முதல் வாரம் ஒரு கிண்ணத்தில் புளியோதரை கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? போகவில்லை. வாசலிலேயே நின்றார். மரியாதைக்கு ரெண்டு வாய் போட்டுக்கொண்டு, "சூப்பர் மாமா!" என்றேன்.

"இல்லே. புளி தூக்கல்."

"அய்யோ, நல்லாத்தான் இருக்கு மாமா."

"ரெண்டாவது வாய்க்கு உன் இடது கண் சுருங்கித்து. வாய் என்ன வேணாலும் சொல்லும்மா. கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. தென்னூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் நான். அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த என் கண்ணையே ஒருத்தர் வாசலில் நின்றபடி படித்துவிட்டார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். விடாமல் கேட்டேன். "ஏன் மாமா, இறக்குறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தா முடிஞ்சுதுல்ல?"

அவர் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே.

"பெருமாளுக்கு முன்னாடி நானா? முதல்லே அவர் கண்டருளணும். அப்புறம்தான் மனுஷா. நான் நாக்கிலே வச்சுட்டா அது எச்சில். ருசியை விடு, மோந்துகூடப் பார்க்கப்படாது."

அதனால் அவருடைய சமையல் முழுக்கக் கண், காது, கை. பருப்பு வெந்ததா என்பதைக் கொதிக்கிற சத்தத்தில் தெரிந்துகொள்வார். உப்பை மூன்று விரலால் எடுத்தால் அது எப்போதும் அதே உப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு இடம் உண்டு. இடது பக்கம் வைத்தது இடது பக்கம்தான் இருக்கும். திறந்து பார்க்க வேண்டாம், முகர வேண்டாம், கை நேராக அங்கே போகும். ருசி பார்க்காத மனிதருக்கு அந்த இடம்தான் நாக்கு என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

மிச்சம் தெரியவேண்டியதை, சாப்பிடுகிறவர்கள் முகத்தில் பார்த்துக்கொள்வார். பந்தி நடக்கும்போது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு இலைகளையே பார்த்துக்கொண்டிருப்பாராம். சாம்பார் ஊற்றியதும் கை தண்ணீர் டம்ளருக்குப் போனால் காரம் அதிகம். ரசத்தை ஊதாமல் குடித்தால் ஆறிவிட்டது. "பிரமாதம் ஸ்வாமி" என்று வந்து கையைப் பிடித்தவர்களை அவர் ஒருபோதும் நம்பியதில்லை. அவர்கள் எழுந்துபோன இலையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் பொன்னி போய்ச் சேர்ந்தது.

பொன்னி நாட்டு நாய். மண்ணச்சநல்லூரில் ஆலை மூட்டைகளுக்கு இடுக்கில் கிடந்த குட்டி. உமி நிறம். அரிசி மூட்டையில் கிடைத்ததால் பொன்னி என்று என் அப்பா பேர் வைத்தார். ஒன்பது வயதில் அதற்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. தென்னூரில் கால்நடை டாக்டர் ஒருவர், நிதானமான மனிதர், என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "தண்ணி நிறைய உள்ள போகணும்மா. அதுதான் மருந்து. உப்பு மட்டும் ஆகவே ஆகாது, துளிகூட. தண்ணி குடிக்காம இருந்தா ரொம்ப நாள் தாங்காது."

சித்திரை வெயில். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கண்டாலே பொன்னி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பாத்திரத்தை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், கையில் ஊற்றிக் கெஞ்சினேன். மாடிப்படியில் உட்கார்ந்து, "ஒரு வாய்டி, என் ராசாத்தி, ஒரே ஒரு வாய்" என்று அழாத குறையாக நான் கெஞ்சிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அவர் வாசலில் நின்று, பொன்னியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாகம் இருக்கு அதுக்கு. தண்ணிதான் பிடிக்கலே. தரையை நக்கறது பாரு, ஓரத்திலே, வெயில் படாத கல்லை. குளிர்ச்சி கேக்கறது."

உள்ளே போனார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மகள் வாங்கிக்கொடுத்தது, பெரிசு. பாலும் தயிரும் காய்கறியும் கீழே இருக்கும். மேலே ஃப்ரீசர் வாங்கின நாளிலிருந்து காலி. நேற்றுச் சமைத்ததை இன்று சாப்பிடாத வீட்டில் ஃப்ரீசருக்கு என்ன வேலை? கம்பெனிக்காரன் கொடுத்த ஐஸ் டிரேக்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உள்ளே கிடந்தன. அன்றைக்கு அந்த உறை பிரிந்தது.

சாயங்காலம் அவர் கொண்டுவந்தது பரங்கிக்காய் ஐஸ். பரங்கிக்காயை ஆவியில் வேகவைத்து, தோலெடுத்து, விரலில் திப்பி தட்டாமல் மசித்து, நீர்த்த கஞ்சித் தண்ணீரில் கலக்கி உறையவைத்திருந்தார். உப்பில்லை, சர்க்கரையில்லை. தட்டில் ஒரு கட்டியை வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலோடு பொன்னிக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். பொன்னி ஒரு நக்கு நக்கியது. நின்றது. இன்னொரு நக்கு. அப்புறம் முன்னங்கால் ரெண்டாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு கறக் கறக்கென்று கடிக்க ஆரம்பித்தது. வால் என் காலில் பட்டுப் பட்டென்று அடித்தது.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஊரே கூடிக் கைதட்டியிருந்தால்கூட அப்படி ஒரு சிரிப்பு வந்திருக்காது.

"மனுஷா பொய் சொல்லுவா. தாட்சண்யம் பார்ப்பா. இது சொல்லாதும்மா" என்றார்.

அதிலிருந்து அந்த ஃப்ரீசர் பொன்னியுடையது. டாக்டரிடம் கேட்டு ஒரு பட்டியல் வாங்கினோம். வெள்ளரிக்காய்த் துருவல், விதை எடுத்த தர்பூசணி, விதையில்லாத ஆப்பிள், உப்புப் போடாத நீர்த்த மோர் அளவாக. தர்பூசணி விதைகளை ஒன்றுவிடாமல் கத்தி முனையால் அவர் நோண்டி எடுப்பதைப் பார்த்தால் நமக்குக் கழுத்து வலிக்கும். ஆகாதவை பட்டியலைத் தன் கையெழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். வெங்காயம், பூண்டு என்ற இடத்தில் நிமிர்ந்து, "பாத்தியா, நம்மாத்துப் பொண்ணுதான்" என்றார். திராட்சை என்ற இடத்தில் முகம் வாடிவிட்டது. பாயசத்துக்குப் போடுகிற மாதிரி ஒவ்வொரு ஐஸ் கட்டி மேலேயும் ஒரு உலர்ந்த திராட்சை வைக்கலாம் என்று ஆசையாக இருந்தாராம்.

"ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணுகூடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் மாமா."

"அழகா இருந்திருக்கும்" என்று முனகிக்கொண்டே எழுதினார்.

தெரு நாய்கள் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் மத்தியானம் ரெண்டு மணிக்கு அவர் வாசலில் வரிசை. எந்த நாய்க்கு எது பிடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. காது கிழிந்த கறுப்புக்கு வெள்ளரி. தபால் பெட்டிக்கு அடியில் படுக்கிறதற்குப் பரங்கிக்காய் மட்டும், தர்பூசணி என்றால் துப்பிவிடும். வயசான செம்பழுப்பு ஒன்றுக்குப் பல் இல்லை. அதற்காகத் தனியாக ஒரு கட்டியை வெயிலில் வைத்து, பாதி உருகினதும் கொடுப்பார். ஒன்று பிடிக்காமல் மூக்கைத் திருப்பினால் அவருக்குக் கோபமே வராது. "ஓ, சரி சரி" என்று பந்தியில் தப்பு பண்ணிவிட்டவர் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் வேறு வரும். கடையிலிருந்து திரும்பிவந்து அவர் வாசலைப் பார்த்தாலே எனக்கு அன்றைய அலுப்பு பாதி போய்விடும்.

பொன்னி தேறியது. தோல் மினுமினுத்தது. கண்ணில் பழைய திருட்டுத்தனம் வந்தது. இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை காவிரிப் பாலத்துப் பக்கம் நல்ல தர்பூசணி கிடைத்தது. தூக்கமுடியாத கனம். நேராக அவர் வீட்டுக்குள் கொண்டுபோனேன். அவர் உள்ளே பெருமாள் முன்னால் இருந்தார், மணிச்சத்தம் கேட்டது. ஹாலில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரே மாதிரி ரெண்டு எவர்சில்வர் தூக்கு, மூடி போட்டு. நான் ரெண்டையும் கீழே இறக்கிவைத்தேன், பழத்தை ஸ்டூலில் வைத்தேன், அது உருண்டுவிடாமல் பின்னால் தள்ளி, தூக்குகளைத் திரும்ப முன்னால் எடுத்துவைத்தேன். "மாமா, பழம் வச்சிருக்கேன்!" என்று கத்திவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

அந்தக் கோடை முழுக்க அவர் வெயிலில் போகிறவர்களுக்காகக் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பானையில் நீர்மோர் வைப்பார். உப்பும் பெருங்காயமும் கரைத்து வடிகட்டின மோர். அது இடது தூக்கில். பொன்னிக்கான உப்பில்லாத மோர் வலது தூக்கில். கண்ணுக்கு ரெண்டும் ஒரே வெள்ளை. அவர் பூஜை முடித்து வந்து, வலது தூக்கை எடுத்து ஐஸ் டிரேக்களில் ஊற்றினார். மத்தியானம் நான் பொன்னியை வழக்கம்போலக் கீழே அனுப்பிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எட்டுக் கட்டி தின்றுவிட்டு மேலே வந்தது.

மூன்று மணிக்கு மேல் அவர் மோர்ப் பானையை வெளியே வைத்தார். முதலில் வந்தவர் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "சாமி, இன்னிக்கு உப்புப் போட மறந்துட்டீங்களா? சப்புன்னு இருக்கே" என்றார்.

அப்போது மேலே பொன்னி என் பக்கெட்டுத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துக்கொண்டிருந்தது. அடேயப்பா, தானாகவே தண்ணீர் குடிக்கிறதே என்று நான் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். குடித்ததெல்லாம் அடுத்த நிமிஷம் வாந்தியாக வந்தது. திரும்பக் குடித்தது, திரும்ப வாந்தி. கால் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்தது. படியில் தடதடவென்று சத்தம். மாடிப்படி ஏறத் திணறுகிற மனிதர் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உப்பு மோரைக் குடுத்துட்டேன்மா."

அதே ஆட்டோவில்தான் தென்னூருக்குப் போனோம். பொன்னியின் தலை அவர் மடியில். வெளுத்த வேஷ்டியெல்லாம் வாந்தி. தெருவில் யார் மேலாவது பட்டாலே குளித்துவிட்டு உள்ளே போகிறவர், அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நான் வாயை மூடவில்லை. காவிரிப் பாலம் முழுக்கக் கத்தினேன்.

"ஒரு சொட்டு! ஒரே ஒரு சொட்டு நாக்குல வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே! உங்க ஆசாரத்துக்கு என் பிள்ளைதானா கிடைச்சுது? நாய்க்குக் குடுக்கிறதுக்கு என்ன எச்சில், என்ன மடி?"

ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்து, "விடுங்கக்கா" என்றார். மாமா குனிந்தபடி பொன்னியின் காதைத் தடவிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என்னிடமா, தனக்குத்தானா என்று தெரியாமல் சொன்னார்: "முதல் கட்டியை நக்கினதும் நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்துது. குளிர் ஜாஸ்தியோன்னு நெனைச்சேன். அப்புறம் தலையைக் குனிஞ்சிண்டு தின்னுடுத்து. எட்டையும் தின்னுடுத்து. நான் குடுத்தேனேன்னு தின்னிருக்கு. பொய் சொல்லாதுன்னு சொன்னேனே... இதுவும் சொல்லும்."

டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் டாக்டர், "தப்பிச்சிடும்மா. ஆனா ரெண்டு மூணு நாள் ஜாக்கிரதையா பாத்துக்கணும். தானா தண்ணி எடுத்துக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்தோம். அவர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டபோது எதேச்சையாக உள்ளே பார்த்தேன். ஸ்டூலில் என் தர்பூசணி. அதன் முன்னால் அந்தத் தூக்குகள் இருந்த இடம். காலையில் நான் எந்தத் தூக்கை எந்தக் கையால் எடுத்தேன், எந்தப் பக்கம் வைத்தேன்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததே பதில். நான் பார்க்கவே இல்லை. ஒன்றுபோல ரெண்டு தூக்கு, எங்கே வைத்தால் என்ன என்று வைத்திருக்கிறேன்.

சொல்லியிருக்கவேண்டும், அங்கேயே அப்போதே. அத்தனை நேரம் ஆடின வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. நான் மேலே வந்துவிட்டேன்.

மூன்று நாள் அந்தக் கதவு திறக்கவில்லை. ரெண்டு மணி வரிசை வந்து நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது. மோர்ப் பானை இல்லை. பொன்னியை மட்டும் பிடித்து நிறுத்தமுடியவில்லை. தடுமாறித் தடுமாறிப் படியிறங்கிப் போய் அவர் வாசலில் படுத்துக்கொண்டு, கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பாத்திரத்தைப் பழையபடி தொடவே இல்லை. மூன்றாம் நாள் போனில் டாக்டர், "நாளைக்குள்ள குடிக்கலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க. அட்மிட் பண்ணித்தான் ஆகணும்" என்றார்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். ரெண்டு கன்னமும் ஒட்டியிருந்தது. சாப்பிட்டாரோ என்னவோ.

"மாமா, அந்தத் தூக்கை மாத்தி வச்சது நான்தான். பழம் வைக்கும்போது. வேணும்னு இல்ல, பார்க்காம வச்சுட்டேன்."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தர்பூசணி என்ன, பறந்தா வந்து ஸ்டூல்லே உக்காந்துது?"

"அப்ப ஆட்டோவுல நான் அத்தனை கத்துக் கத்தினேனே! ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லலை?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

"என்னன்னு சொல்றது? தூக்கு இடம் மாறினது உன்னாலே. ஆனா நாக்கு எங்கிட்டதானேம்மா இருந்தது."

சொல்லிவிட்டு ஃப்ரீசரைத் திறந்தார். நான் காலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே அத்தனை டிரேயும் நிறைந்திருந்தது. பரங்கிக்காய் மஞ்சள், வெள்ளரிப் பச்சை, தர்பூசணிச் சிவப்பு. மூன்று நாளும் பண்ணியிருக்கிறார்.

"பண்ணாம இருக்க முடியலே. குடுக்கக் கை வரலே" என்றார்.

ஒரு டிரேயை வெளியே எடுத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் காட்டி, ஒரு பரங்கிக்காய்க் கட்டியை எடுத்தார். வாசலில் வந்து பொன்னிக்கு எதிரே பழையபடி குந்தினார். பொன்னி எழுந்து உட்கார்ந்தது. வால் லேசாக அசைந்தது. அவர் கை தட்டுக்குப் போகவில்லை. நடுவிலேயே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்தக் கை மெல்ல மெல்லத் தன் வாய்ப் பக்கம் திரும்பியது.

"மாமா!" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. "வேணாம் மாமா. நான் பார்க்கிறேன், குடுங்க. நீங்க இத்தனை வருஷமா..."

"பெருமாளுக்கு நான் பார்க்க மாட்டேன், இப்பவும் பார்க்க மாட்டேன். அவர் தன்னைத் தானே பாத்துப்பார். இதுக்கு யார் இருக்கா?"

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கட்டியின் ஓரத்தில் ஒரு கடி கடித்தார். பல் கூசி முகம் கோணியது. வாய்க்குள் அப்படியும் இப்படியும் தள்ளினார். மென்றார். விழுங்கினார். நான் என் வாழ்க்கையில் பார்க்காத ஒரு முகத்தை அப்போது பார்த்தேன். ஆயிரம் பேர் முகத்தில் ருசியைத் தேடினவர் முகத்தில் முதல்முதலாக அது தெரிந்தது. இல்லை, தெரியவில்லை. அவர் கண்ணைத் திறந்து, கையிலிருந்த ஐஸையும் பொன்னியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏண்டியம்மா," என்றார். "உப்பும் இல்லே, சப்பும் இல்லே, ஒண்ணுமே இல்லையே இதுலே! இதுக்கா இத்தனை நாளா அந்த ஆட்டு ஆட்டினே வாலை?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கண்ணீர் மீசையில்லாத உதட்டில் இறங்கியதைத் துடைக்காமல் சிரித்தார். அப்புறம் ஓரம் கடித்த அந்தக் கட்டியை அப்படியே நீட்டினார். பொன்னி அதை மோந்து பார்க்கவில்லை. அவர் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வாயில் வாங்கிக்கொண்டது.

கறக் கறக்கென்று சத்தம் கேட்டது. வால் என் காலில் பட்டுப் பட்டென்று அடித்தது.

அதற்குப் பிறகு பொன்னி இன்னும் ரெண்டு கோடை உயிரோடு இருந்தது. அப்புறம் நாங்கள் என் வீட்டுக்காரரின் வேலைக்காகத் துவாக்குடிக்கு மாறிவந்துவிட்டோம். கிளம்புகிற அன்றும் புளியோதரை கொடுத்துவிட்டு வாசலில் நின்று என் கண்ணைத்தான் பார்த்தார். அதை அவர் ருசி பார்த்திருக்கவில்லை. ஆனால் ரெண்டு மணிக்கு அவர் வாசலில் நிற்கிற நாய்களுக்கு, காது கிழிந்த கறுப்பிலிருந்து பல்லில்லாத செம்பழுப்பு வரை, எல்லாவற்றுக்கும் ஓரம் கடித்த ஐஸ்தான்.